மஞ்சள் கழுத்துக் குருவியைத் தொடர்ந்தவர்: பறவையியல் அறிஞர் சலீம் அலி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்து செல்லும் நம்மில் பலருக்குப் பறவை என்றதும் நினைவுக்கு வருபவை காகம், புறா, மைனா ஆகிய மூன்றுதாம். நான்காவதாக ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் சிட்டுக்குருவி என்போம். ஆனால், இங்கே உணவகங்களின் ஐந்தடியில் சோற்றுப் பருக்கை பொறுக்கும் சிட்டும், தமிழ்நாட்டில் நம் முன்னோர் ஓட்டு வீட்டு இறவாணத்தில் பார்த்த சிட்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. இங்குள்ள சிட்டின் உச்சந்தலை செம்பழுப்பு நிறம். வெள்ளைக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். அங்குள்ள சிட்டில் ஆணின் தலை சாம்பல் நிறம். கன்னத்தில் புள்ளி கிடையாது. பெண் மங்கிய பழுப்பாகத் தனித்துத் தெரியும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே பார்வையால் கடந்து வந்திருக்கிறோம்.

ஒரு குருவிக்கும் இன்னொரு குருவிக்கும் உள்ள இப்படிப்பட்ட சிறு வேறுபாட்டைக் கண்டு வியந்து நின்ற ஒரு சிறுவன், பிற்காலத்தில் இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகமே போற்றும் அறிஞரானார். அவர்தாம் சலீம் அலி. பட்டப் படிப்பை முடிக்காதவர், வேலை தேடிக் கடல் கடந்தவர், கையிலிருந்த வேலையையும் இழந்தவர் என்று அவருடைய இளமைக் கதை, படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் இன்றைய மாணவர் பலருக்கு அந்நியமாகத் தோன்றாது. அந்த வாழ்வில் நம் கோலாலம்பூருக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

காற்றுத் துப்பாக்கியும் ஒரு குருவியும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாகவே வளர்த்தனர். தாய்மாமன் வீடு என்பது நம் குடும்பங்களில் என்ன பொருள் தரும் என்பதை நாம் அறிவோம். அந்த வீட்டின் அரவணைப்பில்தான் சலீமின் சிறுபிராயம் கழிந்தது.

அக்காலத்துச் சிறுவர்களைப் போலவே சலீமுக்கும் வேட்டையில் நாட்டம் அதிகம். பரிசாகக் கிடைத்த காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டுத் திரிந்தார். ஒரு நாள் அப்படிச் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்தபோது, அதன் கழுத்தில் மஞ்சள் தீற்று ஒன்று இருப்பதைக் கண்டார். மற்றபடி அது வழக்கமான குருவியைப் போலவே இருந்தது. அந்த ஒரு தீற்று மட்டும் அவரை உறுத்தியது. மாமனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்கும் விடை தெரியவில்லை. ஆனால், தெரியாது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தாம் உறுப்பியம் பெற்றிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிச் சிறுவனை அனுப்பி வைத்தார்.

1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தில் அந்நாளில் ஆங்கிலேயர் ஆதிக்கமே மிகுதி. அந்தக் கதவைத் தட்டுவதற்கே இந்தியச் சிறுவன் ஒருவன் தயங்கியிருப்பான். மில்லார்டு குருவியைப் பார்த்ததும் அதன் இனத்தைச் சொன்னார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு. பிறகு இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். பறவைத் தோலை உரித்துப் பாடம் செய்யும் கலையைக் கற்கவும் வழி செய்தார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் கேள்விக்காகச் செலவிட்ட நேரம், ஒரு துணைக்கண்டத்தின் பறவையியலுக்கே முதலீடாக அமைந்தது எனலாம்.

தாவோய்க் காடுகளில்

பள்ளியில் சலீம் சிறந்த மாணவர் அல்லர். கணிதம் அவரை வாட்டியது. பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் சேர்ந்தும் முதலாண்டைக்கூட ஒழுங்காகத் தாண்ட முடியவில்லை. 1914இல் படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவிலுள்ள தாவோய்க்குக் கப்பலேறினார். அங்கே அவர் குடும்பத்தினர் வுல்ஃப்ரம் சுரங்கமும் மரத் தொழிலும் நடத்தி வந்தனர். உறவினரின் தொழிலுக்குத் துணையாக வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வருவது அக்கால இந்தியர்களுக்குப் பழகிய பாதை. நம் பாட்டன் பூட்டன்மார் மலாயாவுக்கு வந்த அதே காலம், ஏறக்குறைய அதே கடல்.

தொழிலில் அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால், சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடு அவருக்குப் பள்ளிக்கூடமானது. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பறவைகளைக் கவனித்தார். 1917இல் இந்தியா திரும்பியதும் விட்ட படிப்பைத் தொடர முனைந்தார். காலையில் தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும், பிறகு சேவியர் கல்லூரியில் விலங்கியல் என இரு இடங்களில் பயின்றார். குடும்பத்துக்கு வேண்டியது ஒன்று, உள்ளம் விரும்பியது வேறொன்று. இரண்டையும் ஒரே நாளில் சுமந்தவர் அவர். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

பட்டம் இல்லாதவர்

இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று காலியானபோது அதற்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அது கிட்டவில்லை. அவர் கையில் இருந்த அறிவை அளக்க அந்த அலுவலகத்திடம் வேறு அளவுகோல் இல்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். பார்வையாளர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பறவைகளைப் பற்றி விளக்கும் வேலை. ஆனால், கண்ணாடிக்கு வெளியே பறக்கும் பறவைகள்தாம் அவரை அழைத்தன. அவற்றை முறையாக அறிய வேண்டுமானால் முறையான பயிற்சி வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெசமானிடம் பயின்றார். ஸ்ட்ரெசமான் அக்காலத்து உலகப் பறவையியலின் தலைமகன்களில் ஒருவர். சலீம் அலி அவரைத் தம் வாழ்நாள் குருவாகவே போற்றினார். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரும் விடுதலைப் போராளியுமான செண்பகராமன் பிள்ளையை அவர் சந்தித்ததும் அதே பெர்லினில்தான். ஒருவர் நாட்டின் விடுதலைக்காக அங்கே இருந்தார். இன்னொருவர் பறவைகளுக்காகச் சென்றிருந்தார்.

பட்டம் இல்லாமல் வென்றவர் என்று அவரைக் காட்டி, படிப்பு தேவையில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது தவறான பாடம். பட்டம் கிட்டாதபோதும் கற்பதை அவர் விடவில்லை. முப்பது வயதுக்கு மேல், மணமான பிறகு, தம்மைவிட அறிந்தவரைத் தேடிக் கண்டம் தாண்டிச் சென்று மாணவனாக அமர்ந்தார் என்பதே சரியான பாடம்.

கிஹிம் கிராமத்துத் தூக்கணாங்குருவிகள்

1930இல் ஊர் திரும்பியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற பறவையியலாளர் இப்போது வேலையில்லாதவர். பம்பாய்க்கு அருகே கடலோரக் கிராமமான கிஹிமில் இருந்த தெஹ்மினாவின் குடும்ப வீட்டுக்குத் தம்பதியர் குடிபெயர்ந்தனர். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத சலீம் அலி, நாள்தோறும் மறைந்திருந்து அவற்றைக் கவனிக்கத் தொடங்கினார்.

தூக்கணாங்குருவியை அறியாத தமிழர் யார்? மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் மார்பும் பளீரென்ற மஞ்சள் நிறம் கொள்ளும். முகம் கருமை பூசும். பெண்ணோ பார்வைக்கு ஊர்க்குருவி போலவே இருக்கும். புல்லின் அல்லது ஓலையின் ஓரத்தைக் கொத்திப் பிடித்துக்கொண்டு பறந்து, நீண்ட நாராகக் கிழித்தெடுத்து, அலகையே ஊசியாக்கி ஆண்பறவை கூடு பின்னும். இவையெல்லாம் முன்பே தெரிந்தவை. ஆனால், ஒரு புதிர் மட்டும் விடுபடாமல் இருந்தது. கூட்டங்கூட்டமாகத் தொங்கும் கூடுகளில் பல, தலைக்கவசம் போன்ற பாதிக் கட்டத்திலேயே நின்றுபோவது ஏன்?

கிஹிமில் சலீம் அலி கண்ட விடை இதுதான். ஆண்பறவை கூட்டைப் பாதிவரை கட்டி நிறுத்திக்கொண்டு, சிறகடித்துக் கூவிப் பெண்களை அழைக்கும். பெண்பறவைகள் வந்து, வீடு பார்க்க வந்தவர்களைப் போல உள்ளே புகுந்து சோதிக்கும். ஒரு பெண்ணுக்குக் கூடு பிடித்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். அதன் பிறகே ஆண் முட்டையறையையும் நீண்ட வாசற்குழாயையும் பின்னி முடிக்கும். பிடிக்காத கூடுகள் பாதியிலேயே கைவிடப்படும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் சற்றுத் தள்ளி இன்னொரு கூட்டைத் தொடங்கி, இன்னொரு துணையை அழைக்கும். ஒரு பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகள், பல கூடுகள். தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் பெண்ணிடம். 1931இல் பம்பாய்க் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த இக்கட்டுரைதான் அவருடைய பெயரைப் பறவையியலாளர்களிடையே நிலைநாட்டியது.

கூட்டுக்குள் தூக்கணாங்குருவி களிமண் அப்புவது உண்மை. அந்தக் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வது அழகான கற்பனை. கற்பனையை இரசிப்பதும் உண்மையை உற்றுப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால், எது எது என்று பிரித்தறிய யாராவது ஒருவர் மரத்தடியில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதே கொங்கண் கடற்கரையில் அவர் இன்னொன்றையும் ஆராய்ந்தார். மாமரம் போன்றவற்றில் ஒட்டி வளரும் புல்லுருவியை நாம் அறிவோம். அதன் நீண்ட குழல் போன்ற பூக்களில் தேன்சிட்டு அலகை நுழைத்துத் தேன் உண்ணும். அப்போது மகரந்தம் பூவுக்குப் பூ மாறும். பழுத்த கனியைப் பூக்கொத்தி விழுங்கும். அதன் விதை பசைபோல் பிசுபிசுப்பானது. பறவை எச்சத்தோடு கிளையில் தேய்த்துவிட்டுப் போக, அங்கேயே புதிய புல்லுருவி முளைக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பறவைகள் ஒரு செடியின் வாழ்வு முழுவதையும் நடத்தி வைக்கின்றன. இந்த ஆய்வும் 1931ஆம் ஆண்டையொட்டி வெளிவந்ததே. வேலை போன காலத்தில்தான் அவருடைய சிறந்த ஆய்வுகளுள் சில பிறந்தன.

ஊதியமில்லாப் பயணங்கள்

அன்றைய சமஸ்தானங்கள் பலவற்றின் பறவைகள் முறையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. முகாம் செலவை மட்டும் அரசுகள் ஏற்றால் போதும், தம் உழைப்புக்கு ஊதியம் வேண்டாம் என்ற ஏற்பாட்டில் சலீம் அலி அப்பணியை மேற்கொண்டார். 1931-32இல் ஹைதராபாத், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி எனத் தொடங்கி மைசூர், போபால், குவாலியர், கட்ச் வரை நீண்டது அப்பயணம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூரின் ஒரு பகுதியே.

மாட்டு வண்டியும் கூடாரமுமாகக் கழிந்த அந்த வாழ்வில் தெஹ்மினா முகம் சுளிக்காமல் உடன் வந்தார். முகாமை நிர்வகித்தார், கணவரின் எழுத்துக்கு முதல் வாசகராகவும் விளங்கினார். 1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து அவர் காலமானார். சலீம் அலி நொறுங்கிப் போனார். குழந்தைகள் இல்லை. அதன்பின் தம் தமக்கை வீட்டில் வாழ்ந்த அவர், நெடுங்காலம் உயிரோடு இருந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தத் துயரத்தையடுத்த இரண்டாண்டுகளில், 1941இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு வெளிவந்தது. அறிஞர்களுக்கான நூலாக இல்லாமல், தெருவில் நடப்பவனும் பறவையை அடையாளம் காண உதவும் நூலாக அதை அவர் அமைத்தார். குருவி, புல்புல், மைனா, புறா, காகம், பருந்து என எல்லாரும் அறிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்தார். புதிதாகக் காணும் பறவை குருவியைவிடச் சிறியதா, மைனாவை ஒத்ததா என்று கேட்டுக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். நேரு இந்நூலைத் தம் மகள் இந்திராவுக்குப் பரிசளித்தார். பல பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் கண்ட அந்நூலால் பறவை நோக்கத் தொடங்கியவர்கள் எண்ணற்றோர்.

கோலாலம்பூரில் பிறந்த நண்பர்

நம் நகரத்துக்கும் சலீம் அலிக்கும் பாலமாக அமைந்தவர் லோக் வான் தோ. ஜாலான் லோக் இயூ என்ற சாலைப் பெயரில் நாம் நாளும் உச்சரிக்கும் ஈய, இரப்பர்ச் செல்வர் லோக் இயூவின் மகன் இவர். 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் உருவாகத் துணைநின்றோரில் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் அடங்குவர். 1915இல் கோலாலம்பூரில் பிறந்த வான் தோ அதே பள்ளியில் பயின்று, பின் சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி கற்றார். சிங்கப்பூரின் கேத்தே கட்டடமும் நாடெங்கும் பரவிய கேத்தே திரையரங்குகளும் அவர் வளர்த்த தொழில். 1957இல் வெளிவந்து மலாய்த் திரையுலகைக் கலக்கிய பொந்தியானாக், இந்திய இயக்குநர் பி. என். ராவின் கைவண்ணத்தில் கேத்தே கெரிஸ் நிறுவனம் தயாரித்த படமே.

1942 பிப்ரவரியில், ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது வான் தோ கப்பலேறித் தப்பினார். வழியில் கப்பல் குண்டுவீச்சுக்கு இரையானது. கடுமையான தீக்காயங்களோடு, தற்காலிகமாகப் பார்வையும் இழந்த நிலையில் அவர் மீட்கப்பட்டு, பின்னர் இந்தியா போய்ச் சேர்ந்தார். சொந்த ஊர் பகைவர் கையில். தொழில் என்ன ஆகுமென்று தெரியாது. அந்த நாட்களில்தான் பம்பாயில் சலீம் அலியின் நட்பு கிடைத்தது. பார்வை மீண்ட கண்கள் பறவைகளைத் தேடக் கற்றன. உலகத் தரம் வாய்ந்த பறவை ஒளிப்படக் கலைஞராக வான் தோ உயர்ந்தார். போருக்குப் பின் மலாயா திரும்பித் தொழிலை மீட்டெடுத்த பிறகும் அந்த நட்பு தொடர்ந்தது. சலீம் அலியோடு இந்தியாவில் பறவைப் பயணங்கள் மேற்கொண்டதோடு, அவருடைய ஆய்வுகளுக்குப் பொருளுதவியும் செய்தார். ஊதியமில்லாத இந்திய அறிஞருக்குக் கோலாலம்பூர்ச் சீனச் செல்வர் தோள் கொடுத்தார். இனம், மதம், நாடு எதுவும் அங்கே கணக்கில் வரவில்லை.

1964ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் சென்றிருந்த வான் தோ, அங்கே நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிரிழந்தார். விமானத்தில் இருந்த 57 பேரும் மாண்டனர். அவருக்கு வயது 49.

பெருமைகளும் பொறுப்பும்

சலீம் அலியின் தேடல் முதுமையிலும் ஓயவில்லை. மறைந்துபோனதோ என்று ஐயுறப்பட்ட ஃபின் தூக்கணாங்குருவியை இமயமலையடிவாரத்துத் தராய்ப் பகுதியில் மீண்டும் கண்டறிந்தார். அமெரிக்க அறிஞர் எஸ். டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பெருநூல், 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வந்தது. அவர் வழிநடத்திய பம்பாய்க் கழகம் தமிழகத்தின் கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தது. பரத்பூர் நீர்ப்பறவைச் சதுப்பையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கும் போராட்டங்களில் அவர் குரல் வலுவாக ஒலித்தது.

துப்பாக்கியோடு தொடங்கிய வாழ்க்கை அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வுக்காகவும் அவர் பறவைகளைச் சுட்டிருக்கிறார். அக்காலப் பறவையியல் அப்படித்தான் இயங்கியது. கையில் பிடித்தாலன்றிப் பறவையை அறிய முடியாது என்ற காலத்திலிருந்து, தொலைநோக்கியும் பொறுமையும் போதும் என்ற காலம்வரை அந்த மாற்றத்தின் ஊடாகவே அவர் நடந்து வந்தார்.

பட்டம் இல்லையென்று ஒதுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டங்கள் வழங்கின. 1967இல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். பிரிட்டிஷார் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பியம் எனச் சிறப்புகள் தொடர்ந்தன. விருதாக வந்த பெரும்பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஒதுக்கினார். 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, சிறுவயதில் சுட்டு வீழ்த்திய அந்தக் குருவியையே தலைப்பில் வைத்தார். 1987ஆம் ஆண்டு, 90ஆம் வயதில் மறைந்தார். அந்த நாளும் ஜூன் 20தான். கோலாலம்பூர் நண்பர் மறைந்து சரியாக 23 ஆண்டுகள்.

1990இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேனி மாவட்ட மேகமலைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றும் அவர் பெயரையே கொண்டுள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் கண்கள்

சலீம் அலியின் முறையை நாமும் பின்பற்றலாம். அடுக்குமாடி வீட்டு மாடத்தில் செம்பருத்திச் செடி இருக்கிறதா? நம் தேசிய மலரான அதனைத் தேடிக் குருவியைவிடச் சிறிய பறவை ஒன்று வரும். முதலில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அலகு. அது நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தால் தேன்சிட்டு, மலாயில் கெலிச்சாப். அடிவயிறு மஞ்சளாகவும் தொண்டை வெயிலில் கருநீலமாக மின்னுவதாகவும் இருந்தால் ஆண். தொண்டை உட்பட அடிப்பகுதி முழுவதும் மஞ்சளானால் பெண். தலையும் மார்பும் குங்குமச் சிவப்பாக இருந்தால் அது வேறோர் இனத் தேன்சிட்டின் ஆண். சிலந்தி நூலும் நாரும் சேர்த்துச் சிறு சுருக்குப் பைபோல் கூடு கட்டி, துணிக்கொடியிலும் பூந்தொட்டியிலும்கூடத் தொங்கவிடும். முட்டைகளும் குஞ்சுகளும் வெளியேறும்வரை அக்கொடியில் துணி காயப்போடாமல் இருப்பதே நாம் செய்யும் விருந்தோம்பல்.

அலகு குட்டையாக, உச்சியிலிருந்து வால்வரை முதுகில் செந்நிறக் கோடு இழுத்தாற்போல் இருந்தால் அது பூக்கொத்தி. மலாயில் செப்பா புத்ரி. சாலையோர மரத்தில் புல்லுருவி தென்பட்டால் அங்கே சற்று நில்லுங்கள். கொங்கணில் சலீம் அலி கண்ட அதே நாடகம் கிள்ளானிலும் அரங்கேறும். கோலசிலாங்கூர், செகிஞ்சான் நெல்வயல் பக்கம் போனால் தூக்கணாங்குருவியின் கூடுகளைக் காணலாம். மலாயில் அதன் பெயர் தெம்புவா. காரணமின்றித் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டுமா என்ற பொருளில் மலாய்ப் பழமொழியே உண்டு. பழமொழி படைத்தவர்களும் பறவையை உற்றுப் பார்த்தவர்களே.

கண்டதை நாள், நேரம், இடம், அளவு, நிறம், செய்கை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் பிறகு தெரிந்துகொள்ளலாம். இத்தகைய குறிப்புகளுக்கு மதிப்பு உண்டு. 2021இல் கோலலங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்க எடுத்த முடிவு, ஓராங் அஸ்லி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு காட்டில் என்ன வாழ்கிறது என்று அறிந்தவர் இருந்தால்தான் அதற்காகப் பேச ஆள் இருக்கும்.

இன்னொரு செல்வமும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகள், பால்மரக் காட்டில் கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தமிழ்ப்பெயர் வைத்திருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, அப்பெயர்களில் பல பெட்டியில் ஏறவில்லை. தேன்சிட்டு, பூக்கொத்தி, தையல்சிட்டு, மாங்குயில், வண்ணாத்திக்குருவி ஆகிய சொற்கள் அகராதியில் மட்டும் இருந்தால் போதாது. அவற்றைச் சொல்லும்போது மனத்தில் ஒரு நிறமும் ஒரு குரலும் எழ வேண்டும். தமிழ் வளர்ப்பது என்பது இதையும் சேர்த்துத்தான்.

வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்கள் அறிந்த பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். யாருக்கும் விடை தெரியாத பறவை ஒன்று இருந்தால், சிறுவன் சலீமை மில்லார்டிடம் அனுப்பிய தாய்மாமனை நினைத்துக்கொள்ளுங்கள். விடை தெரியாதபோது தெரிந்தவரிடம் அனுப்பி வைப்பதும் கல்விதான். அதை நாம் ஒருவருக்கொருவர் செய்ய முடியும்.